நெஞ்சுப் படபடப்பு, காதல், சாவு வீடு: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலும் அதைச் சுற்றியுள்ள கடைத்தெருக்களிலும் வாழ்கிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். “எனக்கு மனசு சரியில்லை” என்று நம்மவர்கள் சொல்வது அபூர்வம். “நெஞ்சு அடைக்குது”, “கை கால் ஓய்ஞ்சு போகுது”, “தலை கிறுகிறுக்குது” என்றுதான் டிஸ்பென்சரியில் போய் நிற்போம். அதனால் உடம்பிலிருந்தே தொடங்குகிறோம்.

திடீரென்று நெஞ்சு படபடக்குது, மூச்சு முட்டுது, செத்துப்போயிடுவேன் போல இருக்கு. இது மாரடைப்பா, பயமா?

முதல் தடவை வந்தால் நீங்களே தீர்மானிக்கக் கூடாது. நெஞ்சின் நடுவில் கல்லை வைத்து அழுத்துவது போன்ற வலி, அது இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, படியேறும்போது வந்து உட்கார்ந்தால் குறைவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல், மூச்சு வாங்குதல், குமட்டல், அசதி என்று மட்டும் மாரடைப்பு வரலாம். “இது காஸ்ட்ரிக்தான்” என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வது மிகவும் ஆபத்தான பழக்கம்.

பயத்தால் வரும் படபடப்பு பெரும்பாலும் சும்மா இருக்கும்போதே எழும்பும். பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், அரை மணித்தியாலத்துக்குள் இறங்கிவிடும். விரல் நுனியும் வாயைச் சுற்றியும் ஊசி குத்துவது போலிருக்கும். பயத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் உள்ள காபனீரொட்சைட்டு குறைந்து, மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. கிறுகிறுப்பும் விறைப்பும் அதனால்தான். காற்று போதவில்லை என்று தோன்றும். உண்மையில் தேவைக்கு மேல் மூச்சு விட்டிருப்பீர்கள்.

ஈ.சி.ஜி. எடுத்து, இரத்தம் பார்த்து, டொக்டர் “இருதயத்தில் ஒன்றுமில்லை” என்று சொன்னால் அதை நம்புங்கள். புது அறிகுறி எதுவும் இல்லாமலே மாதத்துக்கொரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பவர்களுக்குப் பயம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

அந்த நேரத்தில் என்னதான் செய்வது?

உட்காருங்கள். முழங்காலில் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தால் கூடைக் கயிற்றை நெற்றியிலிருந்து இறக்கி, இடுப்பில் இறுக்கிக் கட்டிய படங்குத் துணியைத் தளர்த்துங்கள். அந்தக் கட்டு வயிற்றை அமுக்குவதால் மூச்சு மேல்நெஞ்சிலேயே நின்றுவிடும்.

பிறகு நான்கு எண்ணும்வரை மூக்கால் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை வாயால் விடுங்கள். சூடான தேத்தண்ணியை ஊதுவதுபோல மெதுவாக விட வேண்டும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடம். பலர் இங்கேதான் தவறுகிறார்கள்: “நல்லா மூச்சை இழு” என்று யாராவது சொல்ல, நெஞ்சு புடைக்க இழுத்து இழுத்து விடுகிறார்கள். அதில் விறைப்பு இன்னும் கூடும். இழுப்பது சிறிதாக, விடுவது நீளமாக இருக்கட்டும். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம். வந்திருப்பது ஆஸ்துமாவாகவோ மாரடைப்பாகவோ இருந்தால் அது உயிருக்கே உலை வைக்கும்.

இதைப் படபடப்பு வந்தபிறகு பழக முடியாது. நன்றாக இருக்கும் நாட்களில் காலையும் இரவும் ஐந்து நிமிடம், பத்து நாள் செய்து வையுங்கள்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு: எல்லோரும் சூழ்ந்து நிற்க வேண்டாம். ஒருவர் மட்டும் பேசுங்கள். முகத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள். “ஒண்ணுமில்ல, சும்மா இரு” என்று அதட்டுவதைவிட, கூடவே நான்கும் ஆறும் எண்ணுவது உதவும்.

தேத்தண்ணி குடிச்சா படபடப்பு கூடுமா? அது இல்லாம எப்படி இருக்கிறது?

கூடும். ஒரு கப் கடும் சாயத்தில் ஏறத்தாழ 40 முதல் 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கிறது. சுகமான பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை பெரிய தீங்கில்லை, கர்ப்பிணிகளுக்கு 200. ஆனால் பதற்றம் உள்ளவர்களை அதைவிடக் குறைந்த அளவே உலுக்கிவிடும். வீட்டில் போடும் டஸ்ட் தூள் மிகப் பொடியானது என்பதால் கஃபீன் சீக்கிரம் இறங்கும். அதையே அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் இன்னும் கூடும்.

எத்தனை கப் என்று மூன்று நாள் எண்ணிப் பாருங்கள். விடியற்காலை ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, பகல் ஒன்று, வீட்டுக்கு வந்து இரண்டு, வந்தவர்களோடு இரண்டு என்று ஏழெட்டு சாதாரணமாக வரும். ஒரேயடியாக நிறுத்தினால் மறுநாளே தலைவலி பிடிக்கும், ஒரு வாரம்வரை நீளலாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு கப் என்று குறையுங்கள். முதலில் மாலைக் கப்பை நிறுத்துங்கள். குடித்த கஃபீனில் பாதி உடம்பிலிருந்து போகவே சுமார் ஐந்து மணித்தியாலம் ஆகும் என்பதால், பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு குடிப்பது இரவுத் தூக்கத்தைத் தின்னும். அந்த நேரத்துக்கு இஞ்சித் தண்ணியோ கொத்தமல்லித் தண்ணியோ போதும்.

இன்னொன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. இரத்தம் குறைந்தாலும் நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், கிறுகிறுக்கும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் இரத்தச்சோகை. பதற்றம் என்று முத்திரை குத்துவதற்கு முன் இரத்தத்தையும் தைரொய்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணித்தியாலம் விடுங்கள், கீரையில் தேசிக்காய் பிழியுங்கள், இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். வெறும் வயிற்றில் சாயத்தைக் குடித்துவிட்டு மலை ஏறினால் பத்து மணிக்கு முன்னமே கை நடுங்கும். அதற்கு அரை ரொட்டிதான் மருந்து.

குளவி கொட்டினதிலிருந்து அந்த மலைக்குப் போகப் பயமா இருக்கு. கங்காணி திட்டுறார். பயத்தை எப்படிப் போக்கிறது?

முதலில் உடம்புப் பக்கம். கொட்டிய பிறகு உதடோ நாக்கோ வீங்கினால், உடம்பெல்லாம் தடித்தால், மூச்சு இழுத்தால், கண் இருட்டினால் அது பயமே அல்ல. நிமிடங்களில் உயிரைப் பறிக்கக்கூடிய ஒவ்வாமை. லொறியோ ஓட்டோவோ கிடைத்ததில் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஒருமுறை அப்படி வந்தவர், குளவிக்கூடு இருக்கும் நம்பர் மலைக்குத் தன்னை அனுப்ப வேண்டாம் என்று வைத்தியத் துண்டோடு கேட்கலாம். அது நியாயமான கோரிக்கை.

இனிப் பயம். கூட்டை அகற்றியாயிற்று என்று உறுதியான பிறகே இதைத் தொடங்குங்கள். ஆபத்து இன்னும் அங்கேயே இருந்தால் பயப்படுவது சரிதான். அப்போது தேவைப்படுவது கூட்டை அகற்றும் நடவடிக்கை. தொழிற்சங்கத் தலைவரையும் மாதர் சங்கத்தையும் கூட்டிக்கொண்டு ஒஃபிசுக்குப் போங்கள்.

ஒரு தாளில் ஏணி போடுங்கள். பயத்துக்குப் பூச்சியத்திலிருந்து பத்துவரை புள்ளி கொடுங்கள். லயத்து இஸ்தோப்பில் (வரிசை வீட்டின் முன் திண்ணையில்) நின்று அந்த மலையைப் பார்ப்பது 3. மலைக்குப் போகும் ரோட்டில் நிற்பது 4. முதல் வரிசையில் ஆட்களோடு நிற்பது 6. அதே இடத்தில் கூடையில்லாமல் தனியாக நிற்பது 7. கூடையோடு அரை நாள் கொழுந்து எடுப்பது 9. அடிப்படியில் தொடங்குங்கள். ஒரு படியில் நிற்கும்போது புள்ளி பாதியாகக் குறையும்வரை, பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடம், அங்கேயே நில்லுங்கள். அடுத்தடுத்த நாட்களில் அதையே செய்து, எளிதானபின் மேலே ஏறுங்கள்.

கெட்டுப்போவது இரண்டு விதமாக. பயம் உச்சத்தில் இருக்கும்போது ஓடி வந்துவிட்டால், “ஓடியதால்தான் பிழைத்தேன்” என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. அடுத்தமுறை இன்னும் முன்னமே பதறும். வீராப்பில் நேராக ஒன்பதாம் புள்ளிக்குப் போவது இன்னொன்று. சிறுத்தையைப் பார்த்துப் பயந்தவர்களுக்கும், பஸ் விபத்துக்குப் பிறகு வளைவுப் பாதையில் கண்ணை மூடிக்கொள்கிறவர்களுக்கும் இதே ஏணிதான்.

மழை பெய்தாலே தூக்கம் போகுது. மண் சரிஞ்சிடுமோ என்று ராத்திரி முழுக்க முழிச்சிருக்கோம்.

இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது மலைகள் பல இடங்களில் சரிந்தன. “பயப்படாதே” என்று சொல்வது இங்கே பொய்யாகும். எதற்குப் பயப்படுவது, எப்போது எழும்பிப் போவது என்று தெரிந்துகொண்டால், மற்ற இரவுகளிலாவது தூங்கலாம்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறத்தில் தருகிறது: மஞ்சள் என்றால் கவனமாயிரு, செம்மஞ்சள் என்றால் தயாராயிரு, சிவப்பு என்றால் வெளியேறு. மழையை நீங்களே அளக்கலாம். பக்கம் நேராக உள்ள ஒரு டின்னை, கூரையும் மரமும் மறைக்காத வெளியில் வைத்து, அடிமட்டத்தால் தண்ணீரின் உயரத்தைப் பாருங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது ஏழரைச் சென்றிமீற்றர், தாண்டினால் விழிப்பு. 100 தாண்டினால் சாமானை எடுத்து வையுங்கள். 150 தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ கிளம்புங்கள். வாய் அகன்று அடி ஒடுங்கிய வாளியில் அளந்தால் கணக்குப் பிழைக்கும்.

அளவு எதுவாயிருந்தாலும், நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய ஊற்று, ஓடிக்கொண்டிருந்த ஊற்று நின்றுபோவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டால் உடனே போய்விடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

ஒரு பை: அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி, ஒரு வாரக் குளிசை, டோர்ச், சார்ஜர். கதவுக்குப் பக்கத்தில் தொங்கட்டும். எல்லோரும் விழித்திருப்பது வீண். லயத்தில் முறை போட்டு, இரண்டு மணித்தியாலத்துக்கு இருவர் விழித்திருந்தால் மற்றவர்களுக்கு நிம்மதி.

படுத்தா யோசனை நிக்கவே மாட்டேங்குது. கடன், பிள்ளை படிப்பு, அரைப் பேர் (அரை நாள் சம்பளம்)...

மாலை ஆறு மணியளவில் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, பழைய கொப்பியில் கவலைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் “நாளை செய்யக்கூடியது” என்று ஒரு வரி. “கடைக்கணக்கு 14,000: சனிக்கிழமை முதலாளியிடம் மாதம் 2,000 என்று பேசுவது” என்பதுபோல. செய்ய ஒன்றுமில்லாதவற்றுக்குக் கோடு போடுங்கள். இரவில் யோசனை வந்தால் “கொப்பியில் இருக்கு” என்று தள்ளிவிடலாம். முதல் வாரம் பலிக்காது. மூன்றாம் வாரத்தில் வித்தியாசம் தெரியும். எழுதத் தெரியாதவர் பிள்ளையிடம் சொல்லி எழுத வைக்க வேண்டாம், கடன் கணக்கு பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்கும். ஃபோனில் குரலாகப் பதிவு செய்யுங்கள்.

இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழும்பி அடுப்படியில் உட்காருங்கள், கண் சொக்கியபின் திரும்பி வாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் ஐந்தாறு பேர் படுக்கும்போது எழும்புவதே கஷ்டம்தான். அப்படியானால் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாலும் போதும். சாராயம் தூங்க வைக்கும். ஆனால் விடியப்புறம் மூன்று மணிக்கு நெஞ்சடிப்போடு எழுப்பியும் விடும். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு வரலாம் என்பதால் டொக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

கோயிலில் மந்திரிச்சுக் கயிறு கட்டினா சரியாகும் என்கிறார்கள். போகலாமா?

போகலாம். மாரியம்மன் முன்னால் உட்கார்ந்து அழுவதும், தண்ணீர் ஓதிக் குடிப்பதும் பலருக்கு ஆறுதல் தருகிறது. மூன்றை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்: அடித்துப் பேயோட்டுவது, மருந்தை நிறுத்தச் சொல்வது, கடன் வாங்கிப் பரிகாரம் செய்யச் சொல்வது.

மெசேஜ் போட்டு மூணு மணித்தியாலம். ஒரு டிக்தான் விழுந்திருக்கு. என்னை வெறுத்துட்டானா?

வாட்ஸ்அப்பில் ஒரு சாம்பல் டிக் என்றால் செய்தி உங்கள் ஃபோனிலிருந்து போய்விட்டது, அவருடைய ஃபோனை இன்னும் அடையவில்லை. இரண்டு சாம்பல் டிக் என்றால் அடைந்துவிட்டது. நீலம் என்றால் திறந்து பார்த்திருக்கிறார். ஒரு டிக்குக்குப் பெரும்பாலான காரணம் சிக்னல் இல்லாத பள்ளம், தீர்ந்த டேட்டா, செத்த பற்றரி. மலைக்கு இந்தப் பக்கம் நான்கு கோடு காட்டும் ஃபோன், அந்தப் பக்க டிவிஷனில் ஒன்றும் காட்டாது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. உங்களை அவர் தடை செய்திருந்தாலும் ஒரு டிக்தான் காட்டும் என்பது உண்மை. ஆனால் மூன்று மணித்தியாலத்தை வைத்து அதைத் தீர்மானிக்க முடியாது.

காதலில் பதறுகிறவர் செய்வது ஒன்று உண்டு: பதில் வருவதற்குள் பதினொரு மெசேஜ். முதலாவது கேள்வி, நாலாவது கோபம், ஒன்பதாவது மன்னிப்பு. சிக்னல் கிடைத்ததும் பதினொன்றும் ஒரேயடியாக அவர் மேல் விழும். ஒரு மெசேஜ், பிறகு ஃபோனை அரிசி வாளிமேல் வைத்துவிட்டு ஒரு வேலை முடியும்வரை தொடாதீர்கள். இருவரும் பேசி நேரம் வைத்துக்கொள்வது இதைவிட நல்லது: “ஏழரைக்கு மேட்டு ரோட்டுக்கு வந்து எடுப்பேன்” என்று ஒரு வார்த்தை இருந்தால் பகல் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

காதல் முறிஞ்சிடுச்சு. அதே தோட்டம், அதே பஸ், தினமும் கண்ணில் படுறாங்க.

கொழும்பில் பிரிந்தவர்களுக்குக் கிடைக்கும் தூரம் உங்களுக்குக் கிடையாது. அதனால் உங்களுக்கு வலி நீளும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 30 நாளுக்குச் சில ஏற்பாடுகள்: இலக்கத்தை அழிக்க மனம் வராவிட்டால் ஒரு தாளில் எழுதி நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவிட்டு ஃபோனிலிருந்து நீக்குங்கள். ஸ்டேட்டஸை மறையுங்கள். அவர் ஏறும் பஸ்ஸுக்கு முந்தியதில் போகப் பாருங்கள். நேருக்கு நேர் வந்தால் சொல்லும் ஒரு வரியை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்: “சுகமா? நான் வாறேன்.” அவ்வளவுதான்.

நண்பனை உளவுக்கு விடாதீர்கள். அவன் கொண்டுவரும் ஒவ்வொரு சேதியும் உங்களை முதலாம் நாளுக்கே இழுத்துக்கொண்டு போகும். சாப்பாடு இறங்காவிட்டால் கஞ்சியாவது நாலு வேளை குடியுங்கள். பட்டினியும் தூக்கமின்மையும் சேர்ந்தால் எந்தச் சோகமும் இரண்டு மடங்காகத் தெரியும். பழைய படங்களைக் காட்டி யாராவது மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், மெசேஜை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொண்டு முறைப்பாடு செய்யுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளைகளுக்கு 1929.

வீட்டில் ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. ஓடிப்போகலாமா?

இருவரில் ஒருவருக்கேனும் 18 நிரம்பாவிட்டால் சட்டப்படி திருமணமே இல்லை. நிரம்பியிருந்தால், போவதற்கு முன் பதிவாளரைக் காணுங்கள், பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் கையில் வையுங்கள். பதிவு இல்லாமல் போய், இரண்டு வருடத்தில் தனியாகத் திரும்பி வரும் பெண்ணின் நிலைமைதான் எங்களைக் கவலைப்படுத்துகிறது. முடிந்தால் தாய்மாமாவையோ அத்தையையோ ஒருமுறை தூது விடுங்கள்.

அம்மா குவைத்துக்குப் போனதிலிருந்து பிள்ளை படுக்கையை நனைக்குது, ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குது.

பிள்ளைக்கு இது இழப்புத்தான். கிழமை நாளும் நேரமும் நிச்சயமான அழைப்பு வேண்டும். குவைத், சவூதி நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். நமக்கு இரவு எட்டு என்றால் அங்கே மாலை ஐந்தரை, வீட்டு வேலை மும்முரமான நேரம். வெள்ளிக்கிழமைக்கு நேரம் பேசிப் பாருங்கள். அம்மா “நல்லாப் படிக்கணும்” என்று மட்டும் சொல்லாமல், அன்றைக்கு என்ன சமைத்தாள், அறை சன்னலில் என்ன தெரிகிறது என்று சொல்லட்டும். அம்மா திரும்பி வரும் நாளை நாட்காட்டியில் குறிக்கும்போது உறுதியில்லாத திகதியைக் குறிக்காதீர்கள். படுக்கை நனைப்பதற்கு அடிக்கவே கூடாது. ஒரு மாதத்துக்குமேல் நீடித்தால் மிட்வைஃபிடம் சொல்லுங்கள், ஆஸ்பத்திரியில் பிள்ளைகளைப் பார்க்கும் டொக்டரிடம் அனுப்புவார்.

சாவு வீட்டில் என்ன சொல்வது என்றே தெரிய மாட்டேங்குது.

சொல்ல வேண்டியது குறைவு. கையைப் பிடித்து, இறந்தவரின் பெயரைச் சொல்லி, “நான் இருக்கேன்” என்றால் போதும். “எல்லாம் விதி”, “இன்னும் ரெண்டு பிள்ளை இருக்குதானே”, “அழாதே” மூன்றையும் விட்டுவிடுங்கள். ஒப்பாரி தொடங்கினால் தடுக்காதீர்கள். தோளில் கை போட்டு ஆடி ஆடி அழுவதில் மூச்சும் அழுகையும் ஒன்றாகி, உள்ளே இறுகியது இளகுகிறது. நம் அப்பாயிகள் அறிந்து வைத்திருந்த வழி அது. ஆண்களுக்கும் அழ இடம் வேண்டும். தப்பு மேளச் சத்தத்தில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் குடிக்கக் கூப்பிடாமல் பக்கத்தில் நில்லுங்கள்.

கையோடு கொண்டுபோவது சீனி, தேயிலைத்தூள், அரிசி, விறகு. தண்ணீர் எடுத்து வைப்பதும் வந்தவர்களுக்கு நாற்காலி தேடுவதும் பெரிய உதவி. மரண சகாயச் சங்கத்தின் பணம் யார் கையில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், கணவனையோ மனைவியையோ இழந்தவரிடமே போய்ச் சேரட்டும்.

எட்டு, பதினாறு, முப்பது என்று கருமாதி நாள் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். அதுவரை வீடு நிறைந்திருக்கும். கருமாதிச் சோறு தின்று எல்லோரும் போன மறுநாள்தான் அந்த வீட்டில் அமைதி வந்து உட்காரும். நீங்கள் போக வேண்டியது அப்போது. பிறகு மூன்றாம் மாதம் ஒருமுறை, முதல் தீபாவளிக்கு ஒருமுறை, திவசத்துக்கு ஒருமுறை.

அப்பா செத்து மூணு நாள்கூட ஆகல்ல. அவர் சேட்டையை நினைச்சுச் சிரிப்பு வந்திடுச்சு. பாவமா?

பாவமில்லை. பிணம் கிடக்கும் வீட்டில் இரவு விழித்திருக்க கார்ட்ஸும் கரமும் விளையாடுவதும், முறைக்காரர் இறந்தவரின் கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பதும் நம் வழக்கத்திலேயே இருக்கிறது. துக்கம் ஒரே சீராக ஓடுவதில்லை. ஓர் அலை வந்து அடிக்கும், பிறகு அடங்கும், அந்த இடைவெளியில்தான் சிரிப்பு வருகிறது. அவருடைய வேடிக்கையைச் சொல்லிச் சிரிக்கும்போது அந்த மனிதரே முழுதாகத் திரும்பி வருகிறார், நோயில் கிடந்த கடைசி மாதத்து முகம் மட்டும் மிஞ்சாமல். சிரித்தவரை முறைக்கும் பெரியவர்களிடம் இதைச் சொல்லலாம். ஆனால் சிரிப்பு வராதவரைச் சிரிக்க வைக்க முயலாதீர்கள். அவர் நேரம் வேறு.

செத்தவங்க குரல் கேக்குது. கனவுல வாறாங்க. எத்தனை நாளைக்கு இப்படி?

குரல் கேட்பதும், இஸ்தோப்பில் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்புவதும், இரண்டு கப் சாயம் ஊற்றிவிடுவதும் முதல் மாதங்களில் மிகச் சாதாரணம். பைத்தியத்தின் அறிகுறி அல்ல. ஆறு மாதம் ஒரு வருடம் கடந்தும், நாள் முழுவதும் அதே நினைவு, சாப்பாடு வேலை குளிப்பு எதுவும் ஓடவில்லை என்றால் கிளினிக்குக்குப் போக வேண்டிய நேரம். மண்ணுக்குள் போனவரின் உடலே கிடைக்காத குடும்பங்களுக்கு இது இன்னும் நீளும். அவர்களிடம் நாள் கணக்குக் கேட்காதீர்கள்.

சின்னப் பிள்ளையிடம் என்ன சொல்வது?

“செத்துப்போயிட்டாங்க” என்றே சொல்லுங்கள். “தூங்குறாங்க” என்றால் பிள்ளை தூங்கவே பயப்படும். “வெளிநாடு போயிட்டாங்க” என்றால் காத்திருக்கும், அம்மா உண்மையிலேயே வெளிநாட்டில் இருக்கும் வீட்டில் இது பெரிய கொடுமை. “உன்னால இல்லை” என்பதையும் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

இறந்தவருக்கு வர வேண்டிய பணம்?

துக்கத்தில் இதைத் தள்ளிப்போட்டு இழந்த குடும்பங்கள் உண்டு. ஊழியர் சேமலாப நிதி (தொழிலாளி 8 வீதம், தோட்டம் 12 வீதம்), ஊழியர் நம்பிக்கை நிதியம் (தோட்டம் 3 வீதம்), பணிக்கொடை என மூன்று. ஐந்து வருடத்துக்குமேல் வேலை செய்த நாட்சம்பளக்காரருக்குப் பணிக்கொடை வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 22 வருடம் என்றால் 308 நாள் சம்பளம். மரணச் சான்றிதழில் பல பிரதிகள் எடுங்கள். இடிக்கும் இடம் எப்போதும் பெயர்: செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில்) ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, திருமணச் சான்றிதழில் ஒன்று. எல்லாம் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு தொழில் காரியாலயத்துக்குப் போனால் அலைச்சல் குறையும்.

வாழவே பிடிக்கல்ல என்று ஒருவர் சொல்கிறார். கேட்டால் தூண்டிவிட்டதாகுமா?

ஆகாது. “சாகணும்னு நினைப்பு வருதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்டபின் அறிவுரை சொல்லாமல் கேட்டுக்கொண்டிருங்கள். அன்றிரவு தனியே விடாதீர்கள். மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து, குளிசை எல்லாவற்றையும் வேறு வீட்டுக்கு மாற்றிப் பூட்டுங்கள். இந்த நினைப்பு பெரும்பாலும் சில மணித்தியாலத்தில் தணியக்கூடிய புயல், அந்த நேரத்தில் கைக்கெட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும். மிக ஆபத்தான பூச்சிகொல்லிகளை 1995 முதல் அரசு தடை செய்யத் தொடங்கிய பிறகு, அடுத்த பத்து வருடத்தில் இலங்கையின் தற்கொலை வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

1926 (தேசிய மனநல நிறுவகம்), 1333 (உளவள ஆலோசனைச் சேவை) இரண்டுக்கும் அழைக்கலாம். எடுத்தவுடன் “தமிழில் பேச வேண்டும்” என்று சொல்லுங்கள். ஏற்கெனவே முயன்றுவிட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பொலிசுக்குப் பயப்பட வேண்டாம். 1998 முதல் தற்கொலை முயற்சி இலங்கையில் குற்றமல்ல.

மனநலக் கிளினிக்கில் கொடுக்கும் மருந்து பழக்கமாகிவிடுமா?

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் ஃபுளுவொக்செட்டின், சேர்ட்ரலின் போன்றவை அடிமையாக்குவதில்லை. வேலை செய்ய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். முதல் வாரம் குமட்டலும் சிறு பதற்றமும் வரலாம். நிறையப் பேர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். சுகமானபின்னும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, டொக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். டயசிபாம் போன்ற தூக்கக் குளிசை வேறு ரகம், அது பழக்கமாகும், பக்கத்து வீட்டில் கடன் வாங்கிப் போடாதீர்கள்.

நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற அரசு ஆஸ்பத்திரிகளில் பார்ப்பதும் மருந்தும் இலவசம். முதல் நாள் முழு நாளும் போகும் என்று வைத்து, அன்றைய பேர் (நாட்சம்பளம்) போகாமலிருக்கக் கிளினிக் துண்டைத் தோட்டத்தில் காட்டுங்கள். போகுமுன் மூன்றை எழுதிக்கொள்ளுங்கள்: எப்போதிலிருந்து, கிழமைக்கு எத்தனை தடவை, எதைச் செய்ய முடியாமல் போயிற்று. சிங்களத்தில் சொல்லத் தடுமாறினால் அந்தத் தாளைத் தமிழ் தெரிந்த நேர்ஸிடம் கொடுங்கள்.

செத்துப்போனவருடைய குரல் மெசேஜ் ஃபோனில் இருக்கு. கேக்கவும் முடியல்ல, அழிக்கவும் முடியல்ல.

அழிக்காதீர்கள். கேட்க அவசரமில்லை, சேமிப்பதில்தான் அவசரம். பாவிக்காத வாட்ஸ்அப் கணக்கு 120 நாளில் நீக்கப்படும். உங்கள் ஃபோனில் உள்ள செய்திகள் அதனால் போகாது, ஆனால் அவருடைய ஃபோனில் மட்டும் உள்ளவை ஆபத்தில். உங்கள் ஃபோன் மழையில் நனைந்தாலும் எல்லாம் போகும். அந்த உரையாடலைத் திறந்து, மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளி, “மேலும்”, “ஏற்றுமதி” என்று போய், படம் குரல்களோடு சேர்த்து என்பதைத் தெரிவு செய்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். கோப்பு பெரிதாகிப் போகாவிட்டால் குரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்து அனுப்ப வேண்டும். மெமரி காட்டில் ஒரு பிரதி, வேறு ஊரில் உள்ள தங்கச்சி ஃபோனில் ஒரு பிரதி. கோப்புக்குத் திகதியும் எதைப் பற்றியது என்றும் பெயர் வையுங்கள்: “மார்ச் 3, சந்தையில் மீன் விலை”. கேட்கத் தோன்றும் நாளில், முதலில் அப்படியொரு சாதாரணத்தையே எடுக்கலாம்.